ஒன்பது விநாடி நின்ற லாரி

எங்கள் பள்ளியில் யார் எந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலும் லேப்பக்கா நடுவில் புகுந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அப்போ நீ எங்க நின்னுகினு இருந்தே?"

சத்துணவுக்கூடத்தில் பாம்பு புகுந்த கதையைச் சமையல்காரம்மா நடுங்கிக்கொண்டே சொன்னபோதும் அதைத்தான் கேட்டார். தலைமையாசிரியை தன் குடை காணாமல் போனதைச் சொன்னபோது, நீயை நீங்களாக்கி அதையே கேட்டார். பாம்பு எவ்வளவு நீளம், குடை என்ன நிறம் என்பதிலெல்லாம் அவருக்கு அக்கறை இல்லை. சம்பவம் நடந்தபோது சொல்பவர் எந்த இடத்தில் இருந்தார், மணி எத்தனை, இவை இரண்டும்தான் வேண்டும். தெரியாது என்றால் விடமாட்டார். "யோசிச்சு சொல்லு" என்று எதிரிலேயே நிற்பார்.

பிள்ளைகள் அவர் இல்லாதபோது அதே குரலில் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

திருவொற்றியூரில் நான் அறிவியல் ஆசிரியையாக இருக்கும் பெண்கள் பள்ளியில் அவர் ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் லேப்பக்கா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. ஓய்வுபெற்றுப் போய் நான்கு வருடம் ஆகிறது.

ஒல்லியான உடம்பு. புடவைத் தலைப்பை எப்போதும் இழுத்துச் செருகியிருப்பார். பத்தாவது வரை படித்தவர். நான் பார்த்த ஆய்வகங்களில் பிப்பெட்டைத் தேடாமல் எடுக்க முடிந்தது அவருடையதில் மட்டும்தான். ஒவ்வொரு ஸ்டூலுக்கும் தரையில் சாக்பீஸால் நான்கு புள்ளி வைத்திருப்பார். கால் அந்தப் புள்ளியில்தான் உட்கார வேண்டும். நேரத்தையும் அப்படித்தான் சொல்வார். ஒன்பதே கால் என்று அவர் வாயில் வராது. ஒன்பது பதினாலு என்பார், அல்லது ஒன்பது பதினாறு.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், பர்னர் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எந்த ஸ்கூல்ல இருந்தீங்க டீச்சர்?"

"மணலி புதுநகர்லக்கா. மூணு வருஷம்."

"எதுல போவீங்க?"

"டோல்கேட்ல இருந்து ஷேர் ஆட்டோ. எங்கப்பா கடை டோல்கேட் பக்கம்தான்."

"எத்தினி மணிக்குத் தாண்டுவீங்க, அந்த எடமேடையாண்ட?"

சாலையோரம் லாரிகளை எடை போடும் மேடை ஒன்று உண்டு. அதைத்தான் கேட்டார். ஒன்பது, ஒன்பதே கால் இருக்கும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு பர்னரைத் திரும்பத் துடைத்தார். வழக்கமான கேள்வி என்று நினைத்தேன். அந்தச் சாலையில் போய் வந்த எல்லோரிடமும் அவர் அதைக் கேட்டுவந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வருடம் ஒரு கம்பெனி எங்கள் பள்ளிக்கு ஆறு ரோபோக்களைக் கொடுத்தது. ரோபோ என்றதும் பிள்ளைகள் கை கால் முளைத்த ஒன்றை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தது சாப்பாட்டு டப்பா அளவு. இரண்டு சக்கரம், முன்னால் கண் மாதிரி இரண்டு வட்டம். அந்த வட்டங்கள் நம் காதுக்கு எட்டாத ஒரு சத்தத்தை அனுப்பி, எதிரே உள்ள சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்கும். ரோபோ நகர நகர மடிக்கணினித் திரையில் கோடு வளரும். கீழே நேரம், பக்கத்தில் தூரம். இத்தனை விநாடி போ, இத்தனை விநாடி நில், திரும்பி வா என்று நாம் கட்டங்களை அடுக்கிக் கொடுத்தால் போதும், அப்படியே செய்யும்.

ஒன்பதாம் வகுப்புக்கு இயக்க வரைபடம் பாடம். வருடா வருடம் நான் தோற்கும் பாடம். முதல் நாள் ஒரு ரோபோவை ஓடவிட்டேன். திரையில் கோடு சாய்ந்து ஏறியது, கொஞ்சம் படுத்தது, பிறகு இறங்கியது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "மேம்பாலம் மிஸ். ஏறுது, மேல போவுது, எறங்குது."

வகுப்பே ஆமாம் என்றது. தரை சமமாகத்தானே இருக்கிறது, ரோபோ எங்கே ஏறியது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பின்னால் அலமாரியோரம் நின்றிருந்த லேப்பக்கா குறுக்கிட்டார்.

"ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. செவுத்த வுட்டு தள்ளிப் போச்சு, நின்னுச்சு, திரும்பி வந்துச்சு. அவ்ளோதான்."

நான்கு வருடமாக நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியடித்து எல்லோரும் போன பிறகு பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், நடுவுல படுத்துகினு கீதே, அந்தக் கோடு எத்தினி செகண்டு?"

"நாலுக்கா."

"நாலு செகண்டு சும்மா நின்னுச்சு."

"ஆமா."

"நிக்கிறது கூட இதுல வருமா?"

"வரும். இடம் மாறலைன்னாலும் நேரம் ஓடுதில்ல?"

நான் மடிக்கணினியை மூடினேன். அவர் மூடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ரோபோக்கள் அவர் பொறுப்பாயின. சார்ஜ் போடுவார். சக்கரத்தில் சுற்றிய முடியை ஊக்கால் எடுப்பார். தரையில் வண்ண டேப் ஒட்டி அடிக்கணக்கு எழுதினார். கட்டங்களை அடுக்குவதைப் பிள்ளைகளிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார். ஒரு மாதத்தில் என்னைவிட வேகமாக அடுக்கினார். ஒருநாள் மதியம், மணலிப் பக்கமிருந்து கேஸ் வாடை வர, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே கேட்டார்.

"எப்பவோ போன வண்டிக்கு இந்த மாரி கோடு போட முடியுமா டீச்சர்?"

"எந்தெந்த நேரத்துல எந்தெந்த இடத்துல இருந்துச்சுன்னு தெரிஞ்சா போடலாம்."

"தெரியும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை, பள்ளியில் யாரும் இல்லாதபோது, ஒரு நோட்டை என் முன் வைத்தார். அதில் ஒரு மதில்சுவரின் படம். எடைமேடைக்கு எதிரே உள்ள கிடங்கின் சுவராம். பதினெட்டுத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தார்.

"தூணுக்குத் தூணு ஆறு அடி மூணு இஞ்சு. நானே டேப் வெச்சு அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. பதினாலாவது மட்டும் கொஞ்சம் சாஞ்சிகினு கீது."

"எதுக்குக்கா இது?"

அப்போதுதான் தன் கணவரைப் பற்றி முதல்முறையாக என்னிடம் பேசினார். கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. தினமும் மொபெட்டில் போவார். ஒருநாள் காலை, மணலிச் சாலையில் ஊர்ந்து போன ஒரு கன்டெய்னர் லாரியின் இடது பக்கம் போனபோது ஜல்லியில் சறுக்கி, லாரிக்கு அடியில் விழுந்துவிட்டார். பின்சக்கரம் ஏறிவிட்டது. எதுவும் தெரியவில்லை, வண்டியை எங்கேயும் நிறுத்தவே இல்லை, ஜனங்கள் கத்திய பிறகுதான் நிறுத்தினேன் என்று டிரைவர் வாக்குமூலம் கொடுத்திருந்தான். ஆனால் அங்கே டீக்கடை வைத்திருந்த பெண் இவரிடம் வேறு மாதிரி சொன்னாள். விழுந்ததும் லாரி நின்றது, அவர் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார், அதற்குப் பிறகுதான் லாரி மறுபடி எடுத்தது என்றாள். கோர்ட்டுக்கு வரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

"அது நெஜமா பொய்யான்னு எனக்குத் தெரியணும் டீச்சர். கேசுக்கு இல்ல. எனக்கு."

நோட்டின் ஓரத்தை நீவிக்கொண்டே தொடர்ந்தார்.

"ஒம்பது பதினெட்டுக்கு நான் ரேஷன் கடையில இருந்தேன். ஏழாவது ஆளு. எனக்கு முன்னாடி நின்ன பொம்பள இன்னாவோ சொல்லிச்சு, நான் சிரிச்சிகினு இருந்தேன். அந்த டைம்ல நான் சிரிச்சிகினு இருந்தேன் டீச்சர்."

எடைமேடையின் கேமராவில் பதிவான படம் அவர் போனில் இருந்தது. கேமரா சாலையின் வலது பக்கம். லாரி நடுவில் மறைத்ததால் அவர் கணவர் அதில் எங்கேயும் தெரியவில்லை. படமும் திக்கித் திக்கித்தான் ஓடியது. ஒன்றும் தெரியாத படம் என்று எல்லோரும் தள்ளிவிட்டிருந்தார்கள். ஆனால் மூலையில் கடிகாரம் ஓடியது. லாரிக்குப் பின்னால் மதில்சுவரின் தூண்கள் வரிசையாகத் தெரிந்தன.

ஒவ்வொரு விநாடிக்கும் படத்தை நிறுத்தினோம். லாரியின் முன்முனை எந்தத் தூணில் இருக்கிறது என்று அவர் சொல்ல, நான் கணினியில் புள்ளி வைத்தேன்.

"எட்டாவது தூணு. ஒம்பதாவது தூணு. பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல. பதினொண்ணு."

கோடு ஏறிக்கொண்டே போனது.

"பதினொண்ணு. பதினொண்ணு."

அவர் குரல் மாறவே இல்லை.

"பதினொண்ணு. பதினொண்ணு."

அந்த இடத்தில்தான் படத்தின் இடது ஓரத்தில், லாரிக்குப் பின்னால், ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதன் கூரைமேல் சிவப்பு நிற பிளாஸ்டிக் நாற்காலிகள் கட்டியிருந்தன.

என் கை நின்றுவிட்டது. மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். அதுவரை நேரத்தை மட்டும்தான் பார்த்துவந்தேன்.

அந்த நாற்காலிகளை எனக்குத் தெரியும். கட்டிய கயிறு தளர்ந்து, ஒரு நாற்காலியின் கால் ஜன்னல் வழியாக உள்ளே நீண்டு, வழியெல்லாம் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. மணலி புதுநகர்ப் பள்ளியில் எனக்கு நேர்முகத் தேர்வு. பத்து மணிக்கு இருக்க வேண்டும். எங்களுக்கு முன்னால் ஒரு லாரி, எதிரே சாலை காலியாகக் கிடந்தும், போகாமல் நின்றது. "அண்ணே, ஹாரன் அடிங்கண்ணே. எனக்கு லேட்டாவுது" என்று நான் சொன்னேன். அவர் நீளமாக அடித்தார். பின்னால் இருந்த வண்டிகளும் சேர்ந்து அடித்தன. லாரி நகர்ந்தது. யாரோ கத்தினார்கள். எங்கள் ஆட்டோ வலப்பக்கம் ஒடித்து லாரியைத் தாண்டியது. ஒடித்தபோது லாரிக்குப் பின்னால் இடதுபுறம் ஒரு மொபெட்டின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். யாரோ வண்டியைப் போட்டுவிட்டார்கள், பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். வேலை கிடைத்தது. அன்று மாலை அப்பா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார்.

"இன்னா டீச்சர், நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. சொல்லுங்க."

"பதினொண்ணு" என்றார் அவர்.

மொத்தம் ஒன்பது விநாடி. கோடு ஒன்பது விநாடி படுத்திருந்தது. பிறகு ஏறியது. அவர் திரையில் விரலை வைத்து அந்தக் கோட்டை இடமிருந்து வலமாகத் தடவினார்.

"அப்போ நின்னான். அந்தம்மா சொன்னது நெஜம்தான்." விரலை எடுக்காமலே, "ஒம்பது செகண்டு நின்னவன், இன்னாத்துக்குத் திரும்ப எடுத்தான்?" என்றார்.

படத்தில் ஒலி இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த நான் அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். "தெரியலக்கா" என்றேன்.

அந்தக் கோட்டைக் காகிதத்தில் அச்செடுத்து அவர் வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றாராம். வழக்கு என்ன ஆனது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. வாய்தா என்ற ஒரு சொல்லைத் தவிர அதைப் பற்றி அவர் பேசியதில்லை.

ஆனால் கேள்வியை விடவில்லை. வரைபடத்துக்குக் கதை சொல்வது என்று வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருந்தோம். அட்டையில் வரைந்த ஒரு கோட்டைக் காட்டுவோம். அது எந்த வண்டி, என்ன நடந்தது என்று பிள்ளைகள் சொல்லி, பிறகு ரோபோவை அதே மாதிரி ஓட்டிக் காட்ட வேண்டும். ஒருநாள் லேப்பக்கா தன் கோட்டையும் அட்டையில் வரைந்து அந்த அட்டைகளோடு வைத்துவிட்டார். யார் வண்டி என்று சொல்லவில்லை. பிள்ளைகள் பதில்களை அடுக்கினார்கள்.

"சிக்னல்."

"டீ குடிக்க நிறுத்திட்டாரு."

"மாடு குறுக்க வந்துடுச்சு."

"சிக்னல் இல்ல. மாடும் இல்ல. முன்னாடி ரோடு காலியா கீது" என்றார் லேப்பக்கா. "நின்னான். அப்பால எடுத்துட்டான். இன்னாத்துக்கு?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பா லாரி ஓட்றாருக்கா. பின்னாடி ஹாரன் அடிச்சா நிக்க முடியாதுன்னுவாரு. இன்னா ஏதுன்னு எறங்கிப் பாக்கக்கூட வுடமாட்டாங்களாம். எடுத்துத்தான் ஆவணுமாம்."

லேப்பக்காவின் கையில் ஒரு ரோபோ இருந்தது. அதை மேசைமேல் வைத்தார், பிறகு மறுபடி எடுத்துக்கொண்டார். அன்று முழுவதும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பள்ளி விட்டதும் அவர் டோல்கேட் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக ஆரம்பித்தார். போனில் அந்தப் படத்தைக் காட்டி, இந்தச் சேர் ஏத்தின ஆட்டோ யாருது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். தினமும் காலையில் அன்றைய கணக்கை என்னிடம் சொல்வார். நேத்து பதினாலு பேர், இன்னிக்கு ஒம்பது பேர். நான் கேட்டுக்கொண்டு சோதனைக்குழாய்களை அடுக்குவேன். இரண்டு முறை சொல்லிவிட வேண்டும் என்று வாய் திறந்தேன். ஒருமுறை மணியடித்தது. இன்னொரு முறை எந்த மணியும் அடிக்கவில்லை. நானே நிறுத்திக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்து சொன்னார். "கெடச்சிட்டாரு. ராயபுரத்துல கீறாராம். இப்ப வண்டி ஓட்றதில்ல, காலுல புண்ணு. ஞாயித்துக்கெழம போலாம்னு. நீங்க கூட வரீங்களா டீச்சர்? படிச்சவங்க பக்கத்துல இருந்தா நான் கத்தாம பேசுவேன்."

மறுக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

மாதாகோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே அறை. மாதா படத்துக்குக் கீழே கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்த ஆட்டோக்காரர். முடியெல்லாம் நரைத்திருந்தது. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அவர் மனைவி டீ போடப் போனார். லேப்பக்கா போனை நீட்டினார். அவர் அதைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"என் வண்டிதாம்மா. அண்ணன் பொண்ணு நிச்சயத்துக்கு சேரு ஏத்திகினு போனேன். இது இன்னாத்துக்கு இப்போ?"

லேப்பக்கா சொன்னார். கத்தவில்லை. லாரிக்கு அடியில் யார் கிடந்தார் என்பதையும், எத்தனை விநாடி என்பதையும் மட்டும் சொன்னார். ஆட்டோக்காரர் போனைக் கட்டிலில் வைத்தார்.

"லாரி நின்னுச்சு. ரோடு காலி. ஹாரன் அடிச்சேன்" என்றார். "அங்க ஆளு கெடக்குறது தெரிஞ்சா அடிப்பனா தாயி? நின்னா அடிக்கிறதுதானேன்னு அடிச்சேன்."

"நீங்களா அடிச்சீங்களா, யாராச்சும் அடிக்கச் சொன்னாங்களா?"

ஆட்டோக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு என் முகம் நினைவிருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பார்வை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் இருந்திருக்காது.

"யாரும் சொல்லல. நானாத்தான் அடிச்சேன்" என்று சொல்லி லேப்பக்காவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

புண்ணுக்குப் போட்ட மருந்தின் வாடை அறையெல்லாம் அடித்தது. கும்பிட்ட கைகளை அவர் இறக்கவே இல்லை.

"இல்லக்கா. நான்தான் சொன்னேன்" என்றேன்.

லேப்பக்கா என் பக்கம் திரும்பினார். புரியவில்லையோ என்று திரும்பச் சொன்னேன். அந்த ஆட்டோவில் நான் இருந்தேன், எனக்கு இன்டர்வியூ, நேரமாகிறது என்று நான்தான் ஹாரன் அடிக்கச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. குரல் மட்டும் தாழ்ந்தது.

"எங்க உக்காந்துகினு இருந்தீங்க?"

"பின்சீட்டுலக்கா. ஓரத்துல."

"எந்த ஓரம்?"

"எடது ஓரம்."

"எடது ஓரம்" என்றார். அவர் கணவர் விழுந்த பக்கம். "எறங்கிப் பாத்தீங்களா?"

"இல்லக்கா."

"எத்தினாவது செகண்டுல சொன்னீங்க?"

"தெரியலக்கா."

"யோசிச்சு சொல்லுங்க."

"வந்து நின்ன உடனே... நாலு, அஞ்சு."

"நாலா, அஞ்சா?"

"அஞ்சு."

ஆட்டோக்காரரின் மனைவி டீ கொண்டுவந்து நின்றார். லேப்பக்கா ஒரு கிளாஸை வாங்கிக்கொண்டார்.

"இது எப்பத்துலேந்து ஒங்களுக்குத் தெரியும்?"

"வீடியோ பாத்த அன்னிலேந்து."

மனதுக்குள் கணக்குப் போட்டார். எனக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

"அந்த அஞ்சாவது செகண்டு தெரியாம பண்ணது" என்றார். "இந்த மூணு மாசம்?"

அவர் அந்த டீயை முழுக்கக் குடித்துவிட்டு, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு எழுந்தார். என் டீ அப்படியே ஆறிப்போயிருந்தது. திரும்பும்போது பேருந்தில் ஒரே இருக்கையில்தான் உட்கார்ந்தோம். ஜன்னல் பக்கம் அவர். இறங்கும் இடம் வந்ததும் எழுந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார். "நாளிக்கு ரெண்டாவது பீரியடு ஒம்பதாங்கிளாஸ். சார்ஜ் போட்டு வெக்கிறேன்."

போட்டுத்தான் வைத்திருந்தார். ஆறு ரோபோவுக்கும்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவரோடு வேலை செய்தேன். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. கேட்ட பொருள் கேட்ட நேரத்துக்கு மேசைக்கு வந்தது. என்னை டீச்சர் என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். வேறெதுவும் சொல்லியும் கூப்பிடவில்லை. ஆசிரியர் அறையில் நான் ஏதாவது கதை சொன்னால் நடுவில் அவர் குரல் வராது. மற்றவர்களிடம் எப்போதும்போல் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை.

அந்த அட்டையை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை. அதில் ஒன்றைச் சேர்த்தார். இப்போது இரண்டு ரோபோ. முன்னால் போவது நிற்கும். பின்னால் ஒன்று வந்து அதன் பின்னே நிற்கும். முன்னது நின்ற ஐந்தாவது விநாடியில் பின்னது பீப் என்று ஒலி எழுப்பும். ஒன்பதாவது விநாடியில் முன்னது நகரும். பிள்ளைகளுக்கு அந்த ஒலி மிகவும் பிடித்துவிட்டது. தங்கள் வரைபடத்தில் ஐந்தாவது விநாடிக்கு நேராக ஒரு குட்டி ஹாரன் படம் வரைந்தார்கள். ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு பிரிவிலும், அந்த ஐந்து விநாடியும் நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றிருப்பேன். ஒன்று, இரண்டு என்று என் உதடு தானாக எண்ணும். வீட்டில் குக்கர் அருகில் நிற்கும்போதும், சிக்னலில் வண்டியில் இருக்கும்போதும் எண்ணியிருக்கிறேன். பள்ளிக்கு வெளியே உள்ள சாலையில் ஹாரன் கேட்காத நிமிடம் கிடையாது.

அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம், அந்த வருடத்து ஒன்பதாம் வகுப்புக்கு அதே பாடம் வந்தது. வகுப்பு ஆரம்பிக்கும் முன், "இன்னிக்கு நான் ஒரு தபா ஓட்டறேன்" என்றார். இரண்டு ரோபோவைத் தரையில் வைத்தார். பிள்ளைகள் சுற்றி வட்டமாக நின்றார்கள். முன்னது டேப் கோட்டின்மேல் கிளம்பி, திரையில் கோடு ஏறியது. பிறகு நின்றது. பின்னது வந்து அதன் பின்னால் நின்றது.

நான் எண்ணினேன். ஐந்து வந்தது. சத்தம் வரவில்லை.

ஆறு. ஏழு. ஒன்பது வந்தது, போனது. லாரி நகரவில்லை. கோடு படுத்தபடியே திரையின் வலது ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பதினைந்து. இருபது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஸ்டக் ஆயிடுச்சாக்கா?"

"இல்ல" என்றார் லேப்பக்கா. அவர் தரையில் முட்டி போட்டிருந்தார். "நான்தான் ஹாரன எடுத்துட்டேன்."

"அப்போ லாரி எப்போ போவும்?"

"நிக்கட்டும். அவசரம் ஒண்ணுமில்ல."

பிறகு தலையைத் தூக்கி, இரண்டு வருடத்தில் முதல்முறையாக, என்னை நேராகப் பார்த்தார்.

"எறங்கிப் பாருங்க டீச்சர்" என்றார்.

பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். நான் போய் முட்டி போட்டு, கையை ஊன்றி, அந்த ரோபோவின் இடது பக்கம் குனிந்தேன். டேப்பும் சாக்பீஸ் தூளும் தரையும்தான் இருந்தன. அவர் எனக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்தார். நான் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தார்.